கடனும் ஏறிப்போச்சு, மனசும் சரியில்ல, எதை முதல்ல பாக்கறது?

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். எக்ஸ்போர்ட் கம்பெனில ஆர்டர் குறைஞ்சு வேலை போச்சு, இப்போ கிடைச்சிருக்கற வேலைல பழைய சம்பளத்துல பாதி தான் வருது. ரெண்டு கிரெடிட் கார்டு, ஒரு பர்சனல் லோன், அஞ்சு லோன் ஆப், சம்சாரத்தோட நகை பேங்க்ல, சம்சாரம் பேர்ல குழு லோன், இது போக ஊர்ல ஒருத்தர்கிட்ட நூத்துக்கு அஞ்சு வட்டிக்கு வாங்கி பிளாங்க் செக்கும் குடுத்து வச்சிருக்கார். டாக்டர் டிப்ரஷன்னு சொல்லி மாத்திரை குடுத்திருக்கார், பத்து நாள் போட்டுட்டு ஒண்ணும் தெரியலன்னு இவரே நிறுத்திட்டார். போன் எப்பவும் சைலன்ட். வீட்ல பாதி கடன் தான் தெரியும். ஒரு ஆப்பை அடைக்க இன்னொரு ஆப்ல எடுக்கலாமா, இல்ல நம்பரை மாத்திட்டு வெளியூர் போயிடலாமான்னு கேக்கறார். கடைசில, சில நாள் இல்லாமலே போயிட்டா தேவலைன்னு தோணுதுன்னு ஒரு வரி.

தம்பி, அந்தக் கடைசி வரில இருந்தே ஆரம்பிக்கறேன். அது அடிக்கடி வருதுன்னாலோ, இன்னிக்கு ராத்திரி அது ரொம்ப பலமா இருக்குன்னாலோ, இதுக்குக் கீழ நான் எழுதியிருக்கறதை எல்லாம் அப்புறம் படிங்க. 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், 2022 அக்டோபர்ல மத்திய அரசு ஆரம்பிச்சது, ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. நம்ம மாநில அரசோட 104 இருக்கு. சென்னைல ஸ்நேகான்னு 1986ல இருந்து இதே வேலையா இருக்கற அமைப்பு இருக்கு, 044 24640050. கையை மீறுதுன்னு தோணுச்சுன்னா தனியா இருக்காதீங்க, வீட்ல யாரையாவது எழுப்பி நேரா ஜிஎச்சுக்கு போயிடுங்க, கேஷுவாலிட்டில பாப்பாங்க. நாம இல்லாட்டி பிரச்சனை தீர்ந்துடும்னு ஒரு கணக்கு மண்டைக்குள்ள ஓடும் பாருங்க, அது வியாதி போடற கணக்கு. கடன் அங்கயே தான் நிக்கும்.

நான் பேங்க்ல வசூல் பிரிவுல வேலை பாத்து ரிடையர் ஆனவன், இப்போ மாவட்ட கோர்ட்ல இருக்கற சட்ட உதவி மையத்துல பாரா லீகல் வாலண்டியரா போயிட்டு வர்றேன், டாக்டர் கிடையாது. ரெண்டு பக்கமும் உக்காந்து பாத்ததுல ஒண்ணு சொல்றேன்: கடன்காரன்ல யாரு சத்தமா கத்தறானோ அவனால உங்களை செய்ய முடிஞ்சது தான் கம்மி, சத்தமே போடாம ஒரு ரிஜிஸ்டர் தபால் அனுப்பறவனால தான் நிஜமா ஏதாவது பண்ண முடியும். மனசு சரியில்லாதப்போ இது அப்படியே தலைகீழாயிடும். கத்தறவனுக்கு பயந்து கையில இருக்கற காசை எல்லாம் அவனுக்கு போட்டுட்டு, தபாலை பிரிக்காம டிவி மேல வச்சிடுவோம். வர்றவங்க முக்கால்வாசி பேரு இப்படித்தான் வர்றாங்க, படிச்சவங்க படிக்காதவங்க எல்லாம் ஒண்ணு தான்.

அதனால முதல் வேலை கடன் இல்ல, மாத்திரை. டிப்ரஷன் மாத்திரை பத்து நாள்ல வேலை செய்யாது, சாதாரணமா ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கூட. அதுக்குள்ள வாய் உலர்றது, வயித்தைப் பிரட்றதுன்னு தொல்லை மட்டும் முன்னாடி வந்துடும், பலனைக் காணோமேன்னு நிறுத்திடறாங்க. பத்து நாள் போட்டது பத்து நாள் நிறுத்தினதுன்னு டாக்டர்கிட்ட உள்ளது உள்ளபடி சொல்லுங்க, திட்ட மாட்டாங்க, அவங்க தினம் கேக்கற கதை தான். காசு பிரச்சனைன்னா பிரைவேட்ல போக வேண்டியதே இல்ல, மாவட்ட தலைமை ஆஸ்பத்திரி, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ரெண்டுலயும் மனநலப் பிரிவு ஓபி இருக்கு, மாத்திரை இலவசம், மாவட்ட மனநலத் திட்டம்னு அதுக்கே தனியா ஒரு ஏற்பாடு இருக்கு. போன வாரம் கடனுக்கு பயந்து மாத்திரை வாங்கல, தவணை கட்டிட்டேன்னு சொல்றவங்களைப் பாத்தா எனக்கு கோவமே வரும். வண்டி ஓட்ற ஆளு விழுந்தா வண்டி எங்க போகும்?

குடி இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க. ஆன்லைன் ரம்மில போன காசுன்னாலும் சொல்லுங்க. 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு கட்டி ஆடற ஆன்லைன் கேமுக்கு தடைச் சட்டம் கொண்டு வந்தாச்சு, ஆனா விட்ட காசைப் பிடிக்கணும்ங்கற வெறி சட்டம் போட்டா போயிடாது, அதுக்கு வைத்தியம் இருக்கு. இன்னொரு வகையும் உண்டு, கொஞ்ச நாள் ரெண்டு மணி நேரம் தூங்கினாலே போதும்னு இருக்கும், உலகத்தையே வாங்கிடலாம்னு தோணும், அப்போ கார்டைத் தேச்சு, லோன் எடுத்து, பிசினஸ் பிசினஸ்னு ஓடிட்டு அப்புறம் ஒரேயடியா படுத்துக்கறது. அப்படி இருந்திருந்தா அதை டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லணும், ஏன்னா அது வேற வியாதி, மருந்தும் வேற.

அடுத்தது வீட்ல சொல்றது. பாதி தெரியும்னு எழுதியிருக்கீங்க, அந்த தெரியாத பாதியை மறைக்கறதுக்கே உங்க தெம்பு பூரா செலவாகுது. சண்டை வரும், வரட்டும். ஆனா வாயால இழுத்து இழுத்து சொல்லாதீங்க, ஒரு பேப்பர்ல எழுதி மொத்தத் தொகையைக் கூட்டிப் போட்டு கையில குடுங்க, இது தான் எல்லாம், இதுக்கு மேல ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு கடன் வெளிய வந்துச்சுன்னா அது தான் தாங்க முடியாது. சம்சாரத்துகிட்ட முடியலன்னா மச்சானோ, அக்காவோ, கூட வேலை செஞ்ச நம்பகமான ஆளோ, யாராவது ஒருத்தர் கட்டாயம் வேணும், கடனை அடைக்க இல்ல, பக்கத்துல உக்கார.

எதுக்குன்னா, வாரத்துல ஒரு நாள், ஒரு மணி நேரம், அந்த ஆளை வச்சுக்கிட்டு தான் கடன் வேலை பாக்கணும். தபால் பிரிக்கறது, மெசேஜ் படிக்கறது, பதில் போடறது எல்லாம் அந்த ஒரு மணி நேரத்துல. மத்த நேரம் அதைத் தொடக்கூடாது. டிப்ரஷன்ல நிறைய பேருக்கு காலைல எந்திரிக்கறப்போ தான் ரொம்ப மோசமா இருக்கும், அந்த நேரத்துல எடுக்கற முடிவு எதுவுமே உருப்படாது, அதனால மத்தியானத்துக்கு மேல வச்சுக்கோங்க. வேலைக்கும் வீட்டுக்கும் வேற ஒரு நம்பர் வாங்கிட்டு, பழைய சிம்மை ஒரு பழைய போன்ல போட்டு அந்த ஆள்கிட்ட குடுத்துடுங்க. பேங்க் ஓடிபி அதுக்கு தான் வருதுன்னா முதல்ல பேங்க்ல நம்பரை மாத்திடுங்க.

இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் 2021 மே மாசத்துல இருந்து ஒரு சட்டம் இருக்கு, மனநல நெருக்கடிக்கு சிகிச்சைல இருக்கறவங்களை அந்த சிகிச்சை முடிஞ்சு 30 நாள் வரைக்கும் கடன்காரங்க துரத்தக்கூடாது, வட்டியும் ஏறாது. நம்ம ஊர்ல அப்படி எதுவும் கிடையாது. அதனால அந்த மூச்சு விடற நேரத்தை நாமளே தான் உண்டாக்கிக்கணும்.

இப்போ கடனுக்கு வர்றேன். பேப்பர்ல எழுதறப்போ தொகை வாரியா எழுதாதீங்க, கட்டலன்னா எது போகும்ங்கற வரிசைல எழுதுங்க. எல்லாத்துக்கும் மேல சாப்பாடு, வாடகை, கரண்ட், மாத்திரை, புள்ளைங்க பீஸ். இது எடுத்துட்டு மிச்சம் என்ன இருக்கோ அது தான் கடனுக்கு, மிச்சம் ஆயிரம் ரூவான்னா ஆயிரம் தான். அதுக்கு அடுத்தது பொருள் அடமானம் இருக்கற கடன், உங்க விஷயத்துல நகை. அசல் கட்ட முடியலன்னாலும் வட்டியை மட்டும் கட்டி திருப்பி வைக்க முடியுமான்னு அந்த பிராஞ்சுலயே நேர்ல போய் கேளுங்க. ஏலத்துக்கு முன்னாடி அவங்க நோட்டீஸ் குடுக்கணும், ஏலத்துல கடன் போக மிச்சம் வந்தா உங்களுக்குத் திருப்பித் தரணும். மீட்கவே வழியில்லன்னு தெளிவா தெரிஞ்சா, ஏலம் விடற வரைக்கும் காத்திருக்காம அதுல கொஞ்சத்தை நீங்களே வித்து மீதியை மீட்கறது லாபம். சம்சாரத்துக்கு கஷ்டமா தான் இருக்கும், அவங்க நகை, முடிவும் அவங்களோடது.

அடுத்து அந்த அஞ்சு வட்டிக்காரர். வருஷத்துக்கு 60 சதவீதம். இதுல பயப்பட வேண்டியது அவர் வாசல்ல நின்னு கத்தறது இல்ல, அவர்கிட்ட இருக்கற செக். செக் போட்டு பவுன்ஸ் ஆச்சுன்னா, பேங்க் தகவல் குடுத்ததுல இருந்து 30 நாளுக்குள்ள அவர் உங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் விடணும், நோட்டீஸ் கைக்கு வந்ததுல இருந்து 15 நாள் உங்களுக்கு டைம், அதுலயும் கட்டலன்னா செலாவணி முறிச் சட்டம் 138வது பிரிவுல கேஸ் போடலாம், அது கிரிமினல் கேஸ். அதனால அந்த நோட்டீஸை மட்டும் வாங்காம திருப்பி அனுப்பறது, வாங்கி பிரிக்காம வைக்கறது ரெண்டும் கூடாது, வாங்கின அன்னிக்கே வக்கீல்கிட்ட போகணும். அதே நேரம் அவர் பக்கமும் சுத்தம் கிடையாது, 2003ல வந்த தமிழ்நாடு கந்துவட்டி தடைச் சட்டப்படி மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாத்துக்கும் மூணு வருஷம் வரை ஜெயில் இருக்கு, 2025ல மிரட்டி வசூல் பண்றதுக்கு எதிரா இன்னொரு சட்டமும் வந்திருக்கு. இதுவரைக்கும் குடுத்ததுக்கு என்ன ஆதாரம் இருக்குன்னு பாருங்க, இனிமே ஒரு ரூவா குடுத்தாலும் ஜிபேல அனுப்புங்க, கையில குடுக்காதீங்க.

குழு லோன் தொகை சின்னது தான், ஆனா மனசை உடைக்கறது அது தான், ஏன்னா கேக்கறது பக்கத்து வீட்டு அக்கா. ரிசர்வ் வங்கி 2022ல போட்ட விதிப்படி, ஒரு குடும்பத்தோட எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாச வருமானத்துல பாதியைத் தாண்டற மாதிரி இந்தக் குழு லோன் மாதிரியான மைக்ரோ பைனான்ஸ் குடுக்கவே கூடாது. வசூலும் ரெண்டு பேரும் பேசி வச்ச பொது இடத்துல தான், தொடர்ந்து ரெண்டு தடவையோ அதுக்கு மேலயோ வரலன்னா தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். வீட்டு வாசல்ல ராத்திரி வரைக்கும் உக்காந்திருக்கறது எல்லாம் சும்மா. முடிஞ்சா இதை முன்னாடி முடிச்சிடுங்கன்னு தான் நான் சொல்வேன், சட்டத்துக்காக இல்ல, சம்சாரம் தெருவுல நிம்மதியா நடக்கணும்ல.

கிரெடிட் கார்டும் பர்சனல் லோனும் அடமானம் இல்லாத கடன். கார்டுல மாசம் மூணரை மூணே முக்கால் சதவீதம் வட்டி, வருஷத்துக்கு 42ல இருந்து 45 வரைக்கும் போகும், மேல ஜிஎஸ்டி வேற, அதனால மினிமம் டியூ கட்டிட்டே இருக்கறது ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற கதை. தவணை கட்டலைங்கறதுக்காக மட்டும் உங்களை யாரும் அரெஸ்ட் பண்ண முடியாது. தவணை தவறினாலே சிபில் அடிபடும், 90 நாள் தாண்டினா என்பிஏ, அதாவது வாராக்கடன் ஆகும், கோர்ட்ல சிவில் கேஸ் போடலாம், ஜெயிச்சா சம்பளத்துல பிடிக்கச் சொல்லலாம், அதுலயும் முதல் ஆயிரம் ரூவாயும் மீதில மூணுல ரெண்டு பங்கும் தொட முடியாது. பிஎஃப் காசையும் ஜப்தி பண்ண முடியாது, அதனால பயந்துக்கிட்டு பிஎஃப்பை எடுத்து கார்டுக்கு கட்டிடாதீங்க.

இங்க ரெண்டு விஷயம் மட்டும் கவனம். சம்பளம் வர்ற பேங்க்லயே லோனும் இருந்தா, அவங்க சம்பளம் ஏறின அன்னிக்கே பிடிச்சுக்க வாய்ப்பு இருக்கு, அதனால எந்தக் கடனும் இல்லாத பேங்க்ல புது அக்கவுன்ட் ஆரம்பிச்சு சம்பளத்தை அங்க மாத்திக்கோங்க. ரெண்டாவது, இஎம்ஐக்கு ஆட்டோ டெபிட் போட்டிருப்பீங்க, பேலன்ஸ் இல்லாம அது திரும்பினா ஒவ்வொரு தடவையும் சார்ஜ் விழும், செக் பவுன்ஸ் மாதிரியே நோட்டீஸ் அனுப்பி கேஸ் போடவும் சட்டத்துல வழி இருக்கு. அதனால தானா திரும்பட்டும்னு விடாம முன்கூட்டியே பேங்க்கு எழுதிப் போடணும்.

எழுதறது பெரிய விஷயம் இல்ல, இந்த அளவு போதும்: "என் லோன் எண் இது. வேலை இழப்பாலும் உடல்நலக் குறைவாலும் என் வருமானம் குறைந்துவிட்டது, மருத்துவ சிகிச்சையில் இருக்கிறேன். இப்போது மாதம் இவ்வளவு ரூபாய் மட்டுமே கட்ட முடியும். தவணைக் காலத்தை நீட்டித்து தவணையைக் குறைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி தொடர்பு ஈமெயில் மூலம் மட்டும் இருக்கட்டும்." டிப்ரஷன்னு பேரைப் போடலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. என் அபிப்பிராயம், போட வேண்டாம், மருத்துவ சிகிச்சைன்னு மட்டும் போதும், கேட்டா டாக்டர் சர்டிபிகேட் குடுங்க. அந்தக் காகிதம் கடைசில ஒரு ஏஜென்ட் கைக்குப் போகும், அவர் அதை வச்சே குத்திப் பேசுவார், அதைக் கேக்கற நிலைமைல நீங்க இல்ல. லோன் குடுக்கறப்போ இன்சூரன்ஸ்னு ஒரு தொகை பிடிச்சிருப்பாங்க, அதுல வேலை போனா கவர் இருக்கான்னு பழைய பேப்பரை எடுத்துப் பாருங்க, பாக்காமலே விட்டவங்க எத்தனையோ பேர்.

30 நாள்ல பதில் இல்லன்னாலோ, பதில் திருப்தியா இல்லன்னாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன்கிட்ட புகார் போடலாம், இலவசம், 14448ல கூப்பிட்டு வழி கேக்கலாம். காலை 8 மணிக்கு முன்னாடி, சாயங்காலம் 7 மணிக்கு மேல வசூல் கால் வரக்கூடாதுன்னு 2022 ஆகஸ்ட்லயே ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு, சொந்தக்காரங்க, நண்பர்களுக்கு கூப்பிட்டு அசிங்கப்படுத்தறதும் தப்பு. எப்போ கால் வந்துச்சு, என்ன சொன்னாங்கன்னு அந்தப் பழைய போன் வச்சிருக்கறவர் ஒரு நோட்ல எழுதினாலே புகாருக்குப் பாதி வேலை முடிஞ்சுது.

ஆப்பு வைக்கற ஆப்புக்கு வர்றேன். ஒண்ணை அடைக்க இன்னொண்ணு எடுக்கலாமான்னா, கூடவே கூடாது, இந்தப் பதில்ல நான் கண்டிப்பா சொல்ற விஷயம் இது ஒண்ணு தான். அஞ்சு ஆப்ல எது ரிசர்வ் வங்கிகிட்ட பதிவான கம்பெனியோடதுன்னு முதல்ல பாருங்க, 2025ல இருந்து ரிசர்வ் வங்கி வெப்சைட்லயே லிஸ்ட் இருக்கு. லிஸ்ட்ல இருந்தா அதுவும் பர்சனல் லோன் மாதிரி தான், அதே லெட்டர், அதே ஆம்புட்ஸ்மன். லிஸ்ட்ல இல்லாம, ஏழு நாள் தவணை, மூவாயிரம் குடுத்துட்டு அஞ்சாயிரம் கேக்கறது, போட்டோவை மார்ஃப் பண்ணி காண்டாக்ட்ல இருக்கறவங்களுக்கு அனுப்புவேன்னு மிரட்டறதுன்னா அது கடனே இல்ல, மிரட்டிப் பறிக்கற கும்பல். கட்டினா இன்னும் கேப்பான், ஏன்னா இவன் கட்டுவான்னு தெரிஞ்சு போச்சு. ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்து வச்சுக்கிட்டு ஆப்பை அழிங்க, சைபர் மோசடி புகார் நம்பர் 1930ல சொல்லுங்க, மாவட்ட சைபர் கிரைம்ல எழுத்துல புகார் குடுங்க. அதோட, நீங்களே முந்திக்கிட்டு சொந்தக்காரங்க குரூப்ல ஒரு மெசேஜ் போட்டுடுங்க: "என் போன் நம்பரை ஒரு மோசடி ஆப் எடுத்திருக்கு, என் பேர்ல எதுவும் வந்தா நம்பாதீங்க, பிளாக் பண்ணிடுங்க." கை நடுங்கும் அனுப்பறதுக்கு. அனுப்பிட்டா அதுக்கப்புறம் அவன் மிரட்டறதுக்கு ஒண்ணும் இல்ல. போலீஸ் டிரஸ்ல வீடியோ கால்ல வந்து வாரன்ட் இருக்குன்னு சொல்றதும், வாட்ஸ்அப்ல கோர்ட் சீல் போட்டு வர்ற பேப்பரும் முக்கால்வாசி டுபாக்கூர் தான், இருந்தாலும் கேஸ் நம்பர் இருந்தா இ-கோர்ட்ஸ் தளத்துல போட்டுப் பாத்துட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க.

செட்டில்மென்ட் பண்ணலாம்னு ஏஜென்ட் போன்ல ஆசை காட்டுவார், இன்னிக்கே கட்டினா பாதி தள்ளுபடின்னு. மனசு ஓரளவு தெளிஞ்சு, தூக்கம் சரியான பிறகு தான் அதைப் பேசணும். கம்பெனி லெட்டர்ஹெட்ல லெட்டர் வராம பைசா குடுக்கக்கூடாது, காசு லோன் அக்கவுன்ட்டுக்கு தான் போகணும், ஏஜென்ட் ஜிபேக்கு இல்ல, முடிஞ்சதும் பாக்கி இல்லன்னு நோ டியூஸ் சர்டிபிகேட் வாங்கணும். சிபில்ல 'செட்டில்டு'ன்னு நிக்கும், சில வருஷம் லோன் கிடைக்காது, உங்க நிலைமைக்கு லோன் கிடைக்காம இருக்கறது நல்லது தான்னு நான் நினைக்கறேன். உங்க கடனை நாங்க பேசி முடிக்கறோம், முன்பணம் குடுங்கன்னு வர்ற கம்பெனிங்களுக்கு அந்த முன்பணத்தைக் குடுக்கறதுக்கு பதிலா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, 15100ல கூப்பிடலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம், அதனால குழு லோனுக்கும் நகைக்கும் சம்சாரம் பேர்ல போகலாம், உங்களுக்கு வருமான வரம்பைப் பாத்து தருவாங்க. லோக் அதாலத் நோட்டீஸ் வந்தா பயந்துடாதீங்க, அது பேசித் தீர்க்கக் கூப்பிடறது, ஒத்து வரலன்னா கையெழுத்து போடாம வந்துடலாம். போட்டுட்டா அப்பீல் கிடையாது, அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

மஞ்ச நோட்டீஸ் குடுத்துடலாமான்னும் சில பேர் கேப்பாங்க. நம்ம மாவட்டங்கள்ல அது இன்னமும் 1920ம் வருஷ திவால் சட்டத்துல தான் ஓடுது, கோர்ட்ல வருஷக்கணக்குல இழுக்கும், உங்ககிட்ட இருக்கற சொத்தும் கணக்குல வரும். எல்லாக் கதவும் மூடின பிறகு வக்கீலோட உக்காந்து யோசிக்கற விஷயம் அது, இப்போ வேண்டாம்.

கடைசியா நீங்க கேட்டது, வெளியூர் போறது. புது வேலை கிடைச்சு போறதுன்னா தாராளமா போங்க, இடம் மாறினா சிலருக்கு மனசுக்கும் நல்லது. யார்கிட்டயும் சொல்லாம மறையறது வேற. கேஸ் போட்டா சம்மன் பழைய விலாசத்துக்கு போகும், நீங்க இல்லன்னு தெரிஞ்சு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு ஆயிடும், உங்க பக்கம் சொல்றதுக்கு இருந்த நியாயம் எதுவும் கோர்ட் காதுக்குப் போகாது, செக் கேஸ்னா வாரன்ட் வரைக்கும் போகலாம். அதனால எங்க போனாலும் பேங்க்ல புது விலாசத்தை எழுதிக் குடுத்துட்டுப் போங்க, போற ஊர்ல ஜிஎச் மனநல ஓபி என்னிக்குன்னு விசாரிச்சுக்கோங்க, பழைய சீட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க, மாத்திரை அங்கயும் இலவசம் தான்.